அறுநூறு மில்லி

ஜூலை 8, திங்கள்

குழந்தைகள் டாக்டர் வளர்மதி இன்று மூன்று மருந்து எழுதிக் கொடுத்தார். ஒன்று, ஆரஞ்சு வாசனை அடிக்கும் சிரப். இரண்டு, பார்லித் தண்ணீர். மூன்று, இந்த நாட்குறிப்பு. முதல் இரண்டும் என் மகள் நேத்ரா குடிக்க வேண்டியவை. மூன்றாவது நான் எழுத வேண்டியது. நோய் அவளுக்கு, எழுத்து வேலை எனக்கு என்பது எந்த ஊர் வைத்தியமோ தெரியவில்லை.

நேத்ராவுக்கு ஆறு வயது. ஒன்றாம் வகுப்பு. சிறுநீரில் கிருமி. ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து இது இரண்டாவது முறை. காலை ஏழரைக்கு வேனில் ஏறுகிறவள், மாலை நாலரைக்கு வீட்டுக்கு வரும்வரை ஒரு தடவைகூட ஒன்றுக்குப் போவதில்லை. போக வேண்டி வந்துவிடுமே என்று தண்ணீரும் குடிப்பதில்லை. இதை டாக்டர் ஐந்தே நிமிடத்தில் அவளிடமிருந்து வாங்கிவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு மட்டும் அவள் வாயைத் திறக்கவில்லை.

"இன்னொருக்கா வந்துச்சுன்னா கிட்னியப் பாக்க வேண்டியிருக்குமுங்க" என்றார் டாக்டர். "புள்ளைக்கு ஏதோ டென்ஷன். ஊட்டுலயா ஸ்கூல்லயான்னு நீங்கதான் கண்டுபுடிக்கோணும். ஒரு மாசம் எழுதுங்க. என்ன குடிச்சா, எப்பப் போனா, அன்னிக்கு என்ன நடந்துச்சு, எல்லாம்."

ஆறு வயதில் டென்ஷன். எனக்கு ஆறு வயதில் இருந்தது பேன் மட்டும்தான்.

கண்டுபிடிப்பது எனக்குப் புதிதல்ல. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் தர ஆய்வாளர் நான். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு ஒரு நாளைக்கு எண்ணூறு பீஸ் பார்க்கிறேன். ஒரு சட்டையில் எண்ணெய்க் கறை இருந்தால் அது எந்த மெஷினில் பட்டது, அந்த மெஷினில் உட்கார்ந்திருந்தது யார் என்று அரை மணி நேரத்தில் பிடித்துவிடுவேன். இதில் கண்டுபிடிக்க என்ன இருக்கிறது? பள்ளிக்கூடம்தான். அங்கே கழிப்பறை நாறும், அல்லது டீச்சர் விட மாட்டார். ஆதாரம் திரட்டுவதற்காக மட்டும் எழுதுகிறேன்.

எங்கள் சரக்கை வாங்கும் ஜெர்மனி பையர் கொடுத்த நாட்குறிப்பு இது. தோல் அட்டை. இதுவரை இதில் இருந்தது ஒரு பிளம்பரின் தொலைபேசி எண் மட்டும்தான்.

ஜூலை 9, செவ்வாய்

பாட்டிலில் கொடுத்து அனுப்பியது: 600 மில்லி. திரும்பி வந்தது: 580. சிரப் மூடியால் ஒவ்வொரு மூடியாக அளந்தேன். நேத்ரா யூனிஃபார்ம்கூட மாற்றாமல், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்று பார்த்தாள். முடித்ததும், "நாளைக்கு இன்னொரு இருபது சேத்திக் குடிச்சாப் போதும் அம்மணி" என்று உற்சாகப்படுத்தினேன்.

சுகந்தி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். "ஏனுங்க, அதையும் அவ முன்னாடியே அளக்கோணுமா?"

என் மனைவிக்கு அளவு என்றாலே ஆகாது. உப்பைக்கூடக் கையால்தான் போடுவாள்.

ஜூலை 11, வியாழன்

600 / 575.

வீட்டில் என்ன நடக்கிறது என்றும் எழுதச் சொல்லியிருக்கிறார் டாக்டர். மறைக்க ஒன்றுமில்லை. எழுதிவிடுகிறேன்.

மாலை ஆறிலிருந்து ஏழு வரை எங்கள் வீட்டில் ஆங்கிலம் மட்டும்தான். ஜூன் முதல் தேதி நான் கொண்டுவந்த ஏற்பாடு. காரணம் இருக்கிறது. பதினெட்டு வருட அனுபவம் எனக்கு. ஆனால் பையர் முன்னால் நான் வாயைத் திறந்தால், நேற்று வேலைக்குச் சேர்ந்த பொடியன்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்கிறார்கள். போன மார்ச்சில் ஒருவன் நான் பேசியதை எனக்கு முன்னாலேயே திருத்திச் சொன்னான். அவன் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது. என் மகளைப் பார்த்து அப்படி ஒருவனும் சிரிக்கக் கூடாது.

அடி கிடையாது. திட்டு கிடையாது. கம்பெனியில் துணியில் குறை இருக்கும் இடத்தைக் காட்டச் சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவோம். அதில் பத்துத் தாள் கொண்டுவந்தேன். நோட்டில் தப்பு இருந்தால் அந்த இடத்தில் ஓர் அம்பு. பேச்சில் தப்பு இருந்தால் ஃபிரிட்ஜில் ஒட்டியிருக்கும் அட்டவணையில் ஓர் அம்பு. பத்து அம்பு சேர்ந்தால் ஞாயிற்றுக்கிழமை கார்ட்டூன் இல்லை. இதைவிட மென்மையாக ஒரு தகப்பன் என்ன செய்துவிட முடியும்?

பலனும் கைமேல் தெரிகிறது. ஜூன் முதல் வாரத்தில் 31 அம்பு. போன வாரம் 2. வாரம் முழுக்க அந்த ஆங்கில நேரத்தில் அவள் பேசியதே நாலு வாக்கியம்தான், ஆனால் நாலில் இரண்டு சுத்தம்.

"பேசுனாத்தானுங்க தப்பு வரும்" என்றாள் சுகந்தி. நல்ல நகைச்சுவை உணர்வு அவளுக்கு.

ஜூலை 12, வெள்ளி

600 / 590. காலையில் சிரப்பைப் பாதி வாந்தி எடுத்தாள். வேன்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். தரையை நான்தான் துடைத்தேன்.

ஜூலை 14, ஞாயிறு

தேடிப் போன மூலிகை காலில் சிக்கியது போல இன்றைக்கு ஆதாரம் தானாக வந்து விழுந்தது. விடுமுறை நாள் கணக்கு இதோ.

நான் ஸ்கூட்டரை சர்வீஸுக்குக் கொண்டுபோயிருந்த நேரம் (9 முதல் 1 வரை): தண்ணீர் மூன்று டம்ளர், மோர் ஒரு டம்ளர், ஒன்றுக்கு மூன்று முறை. சுகந்தி எழுதி வைத்திருந்தாள்.

நான் வீட்டில் இருந்த நேரம் (1 முதல் 8 வரை): தண்ணீர் ஒரு டம்ளர், ஒன்றுக்கு ஒரு முறை.

ஆக மொத்தம் நாலு முறை. பள்ளி நாளில் பூஜ்யம், வீட்டு நாளில் நாலு. குற்றவாளி யார் என்பதற்கு இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? சுகந்தி அந்தத் தாளை என் முன்னால் வைத்து, இரண்டு வரிகளுக்கு நடுவில் விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டிவிட்டுப் போனாள். எதற்கு என்று புரியவில்லை. கூட்டல் சரியாகத்தான் இருந்தது.

மாலை மேல்தொட்டி கழுவினேன். ஒரு பல்லி செத்துக் கிடந்தது.

ஜூலை 16, செவ்வாய்

600 / 585.

கம்பெனியில் குழந்தைகள் இரவு உடை இரண்டாயிரம் பீஸ் திருப்பி அனுப்பினேன். பட்டன் தளர்வு. இழுத்தால் கழன்றுவிடும், குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். தையல் மாஸ்டர் கெஞ்சினார். நான் அசையவில்லை. ஜெர்மனிக் குழந்தைகளுக்கு என்னைப் போல ஒரு காவலன் இருப்பது அவர்களுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்தபோது நேத்ரா அடுப்படியில் அம்மாவிடம் ஏதோ கதை சொல்லிக் கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்தாள். என் வண்டிச் சத்தம் கேட்டதும் வந்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். மணி ஐந்து ஐம்பத்தெட்டு. நேரம் தவறாமை தானாக வந்துவிட்டது.

ஜூலை 17, புதன்

விடுமுறை. ஆடி ஒன்று. சுகந்தி அவள் அம்மா வீட்டு வழக்கப்படி தேங்காய்க்குள் அரிசி, பருப்பு, வெல்லம் எல்லாம் திணித்துக் குச்சியில் குத்தி, மொட்டை மாடியில் நெருப்பு மூட்டிச் சுட்டாள். நேத்ரா முகமெல்லாம் கரி.

நான் 1-பி பெற்றோர் வாட்ஸப் குழுவில் ஒரு கேள்வி போட்டேன்: 'உங்கள் குழந்தை பள்ளியில் தண்ணீர் குடிக்கிறதா? பயப்படாமல் சொல்லவும்.' புரட்சி வெடிக்கும் என்று எதிர்பார்த்தேன். வந்த பதில்கள்: ஒருவர் மகன் தன் பாட்டிலையும் முடித்துவிட்டுப் பக்கத்துப் பையன் பாட்டிலையும் குடிக்கிறானாம். ஒரு பாட்டில் மூன்று நாளாக வீடு திரும்பவில்லையாம். ஒருவர் ஆடி வாழ்த்துப் படம் அனுப்பினார். இன்னொருவர் நாளைக்கு என்ன ஹோம்வொர்க் என்று கேட்டார்.

பயந்துகிடக்கிறார்கள் எல்லோரும். ஒருவர் துணிய வேண்டும் இல்லையா? பிரின்சிபாலுக்கு ஐந்து அம்சக் கோரிக்கை மனு எழுத ஆரம்பித்துவிட்டேன். முதல் அம்சம்: கழிப்பறைக்குப் போவது குழந்தையின் அடிப்படை உரிமை.

ஜூலை 19, வெள்ளி

600 / 590.

மனுவோடு வாக்குமூலமும் இணைத்தால் நன்றாக இருக்கும் என்று நேத்ராவை எதிரில் உட்காரவைத்துக் கேட்டேன். ரொம்ப அன்பாகத்தான். இந்த நாட்குறிப்பின் தண்ணீர்க் கணக்கைக் காட்டி, "ஏங்கண்ணு தண்ணி குடிக்கறதில்ல?" என்றேன்.

மணி ஆறு பத்து என்பதை நான் கவனிக்கவில்லை. அவள் கவனித்திருந்தாள். உதடு மட்டும் இரண்டு தடவை அசைந்தது. பிறகு மெதுவாக, "ஐ யாம் நாட் தர்ஸ்டி, அப்பா" என்றாள்.

பிழையில்லாத வாக்கியம். தட்டிக் கொடுத்தேன். ஆனால் மனுவில் சேர்க்க முடியாது.

அவளைக் குளிப்பாட்டும்போது சுகந்தியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். என்ன சொன்னாள் என்று கேட்டேன். "நாஞ்சொன்னா நீங்க நம்ப மாட்டீங்க. ஸ்கூல்லயே போய்க் கேட்டுட்டு வாங்க" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பா கோபமா என்று பிரிக்க முடியவில்லை.

ஜூலை 22, திங்கள்

அரை நாள் விடுப்பு போட்டு, இஸ்திரி போட்ட சட்டையில், மனுவைக் கோப்பில் வைத்துக்கொண்டு வரிந்துகட்டிப் போனேன்.

பிரின்சிபால் வெளியூர். வகுப்பு ஆசிரியை எஸ்தர் மிஸ் வந்தார். இருபத்தைந்து வயதுதான் இருக்கும். துப்பட்டாவில் சாக்பீஸ் தூள், கையில் யாருடையதோ ஒற்றை ஷூ. முப்பத்தெட்டுக் குழந்தைகளை ஆயாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்திருந்தார்.

மனுவின் முதல் அம்சத்தை வாசித்தேன். அவர் முழித்தார்.

"எங்க கிளாஸ்ல யாரும் பர்மிஷனே கேக்கறதில்லீங்க சார். சுண்டு விரலத் தூக்குவாங்க, நான் தலையாட்டறதுக்குள்ள ஓடிருவாங்க. சில பேரு விரலக்கூடத் தூக்கறதில்லீங்க."

"அப்புறம் என்ற புள்ள மட்டும் ஏனுங்க போறதில்ல?"

"அதத்தான் நானும் உங்களக் கேக்கோணும்னு இருந்தனுங்க." ஷூவை மேசைமேல் வைத்துவிட்டு உட்கார்ந்தார். "விரலே காட்ட மாட்டா. எந்திரிச்சு நிப்பா. உதட்ட அசைச்சு அசைச்சுப் பாப்பா. 'மே ஐ'ன்னு ஆரம்பிச்சு நிறுத்திருவா. மறுபடியும் முதல்ல இருந்து. அதுக்குள்ள யாராவது மூக்குல ரத்தம்பாங்க, நான் அங்க ஓடிருவேன். திரும்பிப் பாத்தா உக்காந்திருப்பா. 'விரலக் காட்டுனாப் போதும் கண்ணு'ன்னு சொன்னேன். அதுக்கு அவ, 'விரல் காட்டுனா அம்பு, மிஸ்'ங்கறா. என்ன அம்புன்னு எனக்குப் புரியலீங்க சார்."

எனக்குப் புரிந்தது.

அவர் எழுந்துபோய், வகுப்பிலேயே இருக்கும் நேத்ராவின் கணக்கு நோட்டை எடுத்துவந்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு அம்பு. எங்கள் கம்பெனி அம்பு. ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் ஒன்று, ஒழுங்காக, நான் ஒட்டுவது போலவே சாய்வாக.

"அவளே ஒட்டிக்கறா. கணக்குப் போட்டவொடனே, நான் பாக்கறதுக்கு முன்னாடியே. ஏன்னு கேட்டா, 'அப்பறம் ஒட்டறதுக்கு இப்பவே ஒட்டிட்டா பயமா இருக்காது'ங்கறா." எஸ்தர் மிஸ் பக்கங்களைப் புரட்டிக் காட்டினார். "எல்லாமே சரியான விடைதானுங்க சார்."

நான் கழிப்பறையைப் பார்க்க வேண்டும் என்றேன். ஏதாவது சொல்ல வேண்டுமே. காட்டினார்கள். நாறவில்லை. தாழ்ப்பாள்கூடச் சரியாக இருந்தது. அவ்வளவு பெரிய பள்ளியில் ஒரு குழாயாவது ஒழுகக் கூடாதா?

உண்மையை எழுதிவிடுகிறேன். சுண்டு விரலைக் காட்டுவது நாகரிகமில்லை, முழு வாக்கியத்தில் கேட்க வேண்டும் என்று நான் சொன்னது உண்மை. ஜூனில் ஒருமுறை சொன்னேன். இரண்டு முறை இருக்கலாம். ஃபிரிட்ஜ் அட்டவணையில் நாலாவது விதியாக எழுதியும் வைத்திருந்தேன். ஆனால் அது வீட்டுக்கான விதி. பள்ளிக்கும் சேர்த்து என்று நான் எங்கே எழுதினேன்? ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த வித்தியாசம் தெரியாதா?

தெரியாது. எழுதிய பிறகு படித்துப் பார்த்தால் எனக்கே தெரிகிறது.

மனுவைக் கோப்போடு கொண்டுவந்து பீரோவில் வைத்துவிட்டேன். "என்னாச்சுங்க?" என்றாள் சுகந்தி. "கழிப்பறை சுத்தமாத்தான் இருக்குது" என்றேன்.

ஜூலை 23, செவ்வாய்

600. திரும்பி வந்ததை அளக்கவில்லை.

ஜூலை 24, புதன்

அட்டவணையைக் கிழித்தேன். பசை ஃபிரிட்ஜை விட மாட்டேன் என்றது. தேங்காய் எண்ணெய் போட்டுத் தேய்த்தும் ஒரு வெள்ளைச் சதுரம் தங்கிவிட்டது.

நான் தேய்த்துக்கொண்டிருந்தபோது நேத்ரா தன் பென்சில் டப்பாவோடு வந்தாள். மடித்து வைத்திருந்த ஒரு தாளை நீட்டினாள். மிச்சமிருந்த அம்புகள். என் பையிலிருந்து எடுத்தது. திருடியதை ஒப்புக்கொள்ள வந்திருக்கிறாள் என்பது எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று. தாளைக் கொடுத்துவிட்டு, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள். தடுப்பூசிக்கு நிற்பது போல. நான் எங்கே ஒட்டப்போகிறேன் என்று என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமேல் அம்பே கிடையாது அம்மணி" என்றேன். "இங்கிலீஷும் கிடையாது. நீ எப்புடி வேணா பேசலாம். அப்பா தப்புப் பண்ணிட்டேன்."

"சரிங்ப்பா."

பிறகு என்னைத் தாண்டி அடுப்படிக்குப் போய், அம்மாவிடம் ரகசியமாக, "அப்பாவுக்கு எத்தன அம்பு?" என்று கேட்டாள். எனக்குக் கேட்டுவிட்டது. சுகந்தி என்ன பதில் சொன்னாள் என்பதுதான் கேட்கவில்லை.

ஆறு மணிக்கு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். யாரும் கூப்பிடவில்லை. ஏழு வரை உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போனாள்.

ஜூலை 26, வெள்ளி

புதிய ஏற்பாடு ஒன்று யோசித்தேன். ஆறிலிருந்து ஏழு வரை 'இஷ்டப் பேச்சு நேரம்'. எதைப் பற்றி வேண்டுமானாலும் பேசலாம், குறைந்தது பத்து விஷயம். அட்டவணை போடலாமா என்று சுகந்தியிடம் கேட்டேன். பூரிக்கட்டையைக் கீழே வைத்துவிட்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள்.

"நீங்க பேசாம மாவு பெசைங்க. அது போதும்."

பிசைந்தேன். கட்டி தட்டிவிட்டது. சுகந்தி திருத்தினாள். கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது.

ஜூலை 29, திங்கள்

டாக்டரிடம் போனோம். சிறுநீர் சுத்தம், கிருமி இல்லை. எஸ்தர் மிஸ்தான் காரணம். போன செவ்வாயிலிருந்து பத்தே முக்காலுக்கும் சாப்பாட்டுக்குப் பிறகும் வகுப்பையே வரிசையாகக் கூட்டிப்போகிறார். யாரும் எதையும் கேட்க வேண்டியதில்லை. பாட்டில் இப்போது காலியாக வருகிறது. நான் இரண்டு வாரம் துப்பறிந்த விஷயத்தை அந்தப் பெண் ஒரே நாளில் முடித்துவிட்டார். மனு இல்லாமல்.

டாக்டர் நாட்குறிப்பை வாங்கிப் புரட்டினார். ஜூலை 14 பக்கத்தில் நிறுத்தி, சுகந்தி விரலால் இழுத்த அதே இடத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார். 'நான் இல்லாத நேரம்: மூன்று. நான் இருந்த நேரம்: ஒன்று.' என் கையெழுத்திலேயே பதினைந்து நாளாக இருந்திருக்கிறது.

"இது அப்பவே தெரிஞ்சிருக்குமே உங்களுக்கு" என்றார். நாட்குறிப்பை மூடி என் பக்கம் தள்ளினார்.

"மருந்து போதுமுங்க. ஆனா ஸ்கூல்ல வரிசையில போறது பழக்கம், அவ்வளவுதான். அவளுக்கு வேணும்ங்கறத அவளா உங்ககிட்ட வந்து கேக்கோணும். தண்ணியோ, ஒண்ணுக்கோ, எதுவோ. நீங்களா கேட்டுக் கூட்டிட்டுப் போறது கணக்கில்லை. அவளா உங்ககிட்ட வர்ற அன்னிக்கு நோட்ட மூடிக்குங்க. மாசம் முடிஞ்சாலும் சரி, முடியாட்டியும் சரி."

ஜூலை 31, புதன்

இரண்டு நாள் கணக்கு. அம்மாவிடம் தானாகக் கேட்டது: ஒன்பது முறை. தண்ணீர், கடலை மிட்டாய், தலை பின்னல், 'வவுறு வலிக்குது', சும்மா மடியில் உட்கார. எதிர்வீட்டு ரேவதியக்காவிடம்: இரண்டு முறை. காய்கறி வண்டிக்காரரிடம்: ஒரு கேரட்.

என்னிடம்: இல்லை.

நான் சும்மா இல்லை. தற்செயலாக நிற்பது போல அவள் போகும் வழியிலெல்லாம் நிற்கிறேன். செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று சுகந்தி சொன்ன பிறகுதான் தெரிந்தது. கூடத்தில் நான் இருந்தால் நேத்ரா பின்வாசல் வழியாகச் சுற்றிக் கழிப்பறைக்குப் போகிறாள். மரியாதையாகத்தான் போகிறாள். ஒளிந்து போவது போலக்கூடத் தெரியாது.

வலிக்கிறது. இதை எந்தக் கட்டத்தில் நிரப்புவது என்று தெரியாததால் இப்படியே எழுதிவைக்கிறேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

சுகந்தி கொடுமுடிக்கு அவள் அம்மா வீட்டுக்குப் பஸ்ஸில் போய்விட்டாள். நாளை ஆடிப் பதினெட்டு. பள்ளி விட்டதும் நேத்ராவையும் கூட்டிப்போகிறேன் என்றாள், நான்தான் விடவில்லை. நாளைக் காலையில் நானும் அவளும் மட்டும் காரில் போகிறோம். இரண்டு மணி நேரப் பயணம். வேறு யாரும் இல்லை. கேட்டால் என்னிடம்தான் கேட்க வேண்டும்.

ஆகஸ்ட் 3, சனி

கொடுமுடியில், மாமனார் வீட்டு மாடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். கீழே எல்லோரும் ஆற்றுக்குக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

ஏழு மணிக்குப் புறப்பட்டோம். கார் எடுக்கும் முன் அவள் ஒரு டம்ளர் பால் குடித்தாள். வழியில் பாட்டிலில் பாதி. கண்ணாடியில் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். நானாகக் கேட்கக் கூடாது என்று டாக்டர் சொன்னது நினைவில்தான் இருந்தது. காங்கேயம் தாண்டுவதற்குள் இரண்டு முறை கேட்டுவிட்டேன்.

"ஒண்ணுக்கு வருதா அம்மணி?"

"இல்லீங்ப்பா."

கால் இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று போட்டு இறுக்கிக்கொண்டிருந்தாள். கதவுக் கைப்பிடியைப் பிடித்திருந்த விரல் வெளுத்திருந்தது. இதையெல்லாம் பார்க்கத்தானே எனக்குச் சம்பளம். பார்த்தேன். பார்த்துவிட்டு, அவளாகக் கேட்கட்டும் என்று பேசாமல் இருந்தேன். கேட்டும் கெடுத்தேன், கேட்காமலும் கெடுத்தேன்.

முத்தூருக்கு முன்னால் ஒரு டீக்கடை. நிறுத்தினேன். டீ குடிப்பதற்கு இல்லை, அவளுக்கு வழி கொடுப்பதற்கு. காரைச் சுற்றிவந்து கதவைத் திறந்துவிட்டு, அவளுக்குப் பக்கத்திலேயே, ஒரு கை தூரத்தில், டீயை வாங்கிக்கொண்டு நின்றேன். எதையும் கேட்கவில்லை. அவளைப் பார்க்கக்கூட இல்லை. சாலையில் போகிற லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நாலு லாரி போயிற்று.

திரும்பிப் பார்த்தபோது அவள் இல்லை.

கடைக்குப் பின்னால் ஓடினேன். தென்னந்தட்டி வைத்த மறைப்புக்கு வெளியே, அதுவரை தொட்டியருகே கிளாஸ் கழுவிக்கொண்டிருந்த கடைக்கார அம்மா நின்றிருந்தார். ஈரக் கையைச் சேலையில் துடைத்தபடி, மறைப்புக்கு உள்ளே பார்த்து, "மெதுவா வா சாமி, அவசரமில்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே நேத்ரா இருந்தாள். சத்தம் கேட்டது. ரொம்ப நேரம் கேட்டது.

"புள்ளயோட அப்பனுங்களா?" என்றார் அந்த அம்மா. "எத்தன நேரமா அடக்கி வெச்சிருந்துச்சோ, பாவம். பக்கத்துல நின்னுட்டு இதக்கூடக் கவனிக்கறதில்லீங்களா?"

கவனித்தேன் என்று சொல்ல முடியுமா?

நேத்ரா வெளியே வந்தாள். என்னைப் பார்த்ததும் முகத்தைச் சரிசெய்துகொண்டாள். நான் குத்தவைத்து உட்கார்ந்து, அவள் உயரத்துக்கு வந்து, முடிந்தவரை குரலைத் தணித்து, "அப்பாகிட்டச் சொல்லியிருக்கலாமேடா கண்ணு" என்றேன்.

அவள் யோசித்தாள். உதடு அசைந்தது. தமிழில் சொல்லப் போகிற வாக்கியத்தையும் அவள் முதலில் உள்ளே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்கிறாள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க டீ குடிச்சுட்டு இருந்தீங்க, அதனாலதாங்ப்பா."

என்னை நோகடிக்கக் கூடாது என்று தேடி எடுத்த பதில். ஆறு வயது.

அவள் காரில் ஏறிய பிறகு கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும் சாக்கில் அந்த அம்மாவிடம் போனேன். எனக்குத் தெரிந்தே ஆக வேண்டியிருந்தது. எப்படிக் கேட்டாள், என்ன வார்த்தை சொன்னாள், எந்த வார்த்தை அவளுக்குச் சுலபமாக வந்தது.

"ஒண்ணுமே சொல்லலீங்களே" என்றார். "வந்து கையப் புடிச்சுது. அவ்வளவுதானுங்க."

அவள் பக்கத்தில் நின்றபோது என் ஒரு கையில் டீ கிளாஸ் இருந்தது. இன்னொரு கை சும்மாத்தான் இருந்தது.